கவர்னர் ஹன்டிங்கும் வேட்டைக்காரன் கையும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

இந்த ஆண்டு மலருக்கு யார் யார் என்ன எழுதப் போகிறீர்கள் என்று மன்றச் செயலாளர் வகுப்புக்கு வந்து பெயர் எழுதியபோது பாதிப் பேர் கவிதை என்றார்கள். நான், "கடும் குளிரில் வேட்டைக்குப் போகிறவர்கள் கையைச் சூடாக வைத்துக்கொள்வது எப்படி" என்றேன். பின் பெஞ்ச் முழுக்கச் சிரிப்பு. "ஏலே, மார்கழி மாசத்துலயே ஃபேனை அஞ்சுல வச்சுட்டுத் தூங்குற ஊருலே இது. உனக்கு எதுக்கு அந்த வேலை?" என்றான் ஒருத்தன். செயலாளரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

எல்லாம் கவர்னரில் ஆரம்பித்தது. எஞ்சினின் வேகத்தை ஒரே அளவில் வைத்திருப்பது கவர்னரின் வேலை என்று நமக்குத் தெரியும். லோடு கூடி வேகம் குறைந்தால் பந்துகள் உள்ளே சாயும், ஸ்லீவ் இறங்கும், எரிபொருள் அதிகமாகப் போகும். ஆனால் கவர்னர் அளவுக்கு மீறி உணர்ச்சி உள்ளதாக இருந்தால் என்ன ஆகும்? வேகம் கொஞ்சம் குறைந்த உடனே வால்வை முழுக்கத் திறந்துவிடும். வேகம் எகிறும். உடனே முழுக்க மூடும். வேகம் விழும். இப்படி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருப்பதற்கு 'ஹன்டிங்' என்று பெயர். தேர்வில் ஐந்து மார்க் கேள்வி. சரியான இடம் கிடைக்காமல் தேடி அலைவதால் இந்தப் பெயர்.

இந்த ஹன்டிங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் படிக்கலாம் என்று நூலகத்தில் தேடினேன். கையில் அகப்பட்டதோ மருத்துவ சம்பந்தமான ஒரு புத்தகம். அதில் 'ஹன்டிங் ரியாக்‌ஷன்' என்று ஒரு தலைப்பு. தப்பான புத்தகத்தை எடுத்துவிட்டேன் என்று மூடப் போனவன், அதில் இருந்த ஒரு கிராஃபைப் பார்த்து நின்றுவிட்டேன். அச்சு அசல் நம் கவர்னர் கிராஃப். ஆனால் நெடுக்கு அச்சில் இருந்தது எஞ்சின் வேகம் இல்லை, ஒரு மனிதனின் விரல் நுனி வெப்பநிலை.

1930-இல் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஒரு எளிய சோதனை செய்தார். விரலை ஐஸ் தண்ணீரில் விட்டு, அதன் வெப்பநிலையை விடாமல் அளந்தார். முதல் சில நிமிடங்களில் வெப்பநிலை சரசரவென்று விழுந்து கிட்டத்தட்ட தண்ணீரின் அளவுக்கே வந்துவிட்டது. வலி உயிர் போகிறது. ஐந்து பத்து நிமிடம் கழித்து, தண்ணீர் அதே ஐஸ் தண்ணீராக இருக்கும்போதே, விரல் தானாகச் சூடாக ஆரம்பித்தது. பல டிகிரி ஏறியது. பிறகு விழுந்தது. மறுபடி ஏறியது. இதற்குத்தான் அவர் ஹன்டிங் என்று பெயர் வைத்தார். மானும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் இந்தக் குணம் யாருக்கு மிகவும் தேவைப்படும் என்று பார்த்தால், நிஜமான வேட்டைக்காரனுக்குத்தான். பெயர்ப் பொருத்தம் தற்செயலானது, ஆனால் அருமையானது.

சரி, முதலில் கை மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது என்று பார்ப்போம்.

மின்வெட்டு நமக்குப் புதிதல்ல. மின்சாரம் பற்றாக்குறையானால் மின்வாரியம் என்ன செய்யும்? ஆஸ்பத்திரி ஃபீடரை விட்டுவைத்து, ஊர்க்கோடி ஃபீடரை அணைக்கும். உடம்பும் அதையேதான் செய்கிறது. இருதயம், நுரையீரல், மூளை இவை 37 டிகிரி செல்சியஸில் இருந்தாக வேண்டும். குளிர் அடித்து உடம்பின் வெப்பம் குறைகிற சமிக்ஞை மூளைக்குப் போனதும், முதலில் அணைக்கப்படும் ஃபீடர் விரல்கள்தான். விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குக் குழாய்கள் இருக்கின்றன. நம் பாஷையில் பைபாஸ் வால்வு. வெயில் காலத்தில் இவை திறந்து, சூடான ரத்தத்தை விரலுக்கு அனுப்பி, ரேடியேட்டர் மாதிரி வெப்பத்தை வெளியே தள்ளும். குளிரில் இறுக மூடிக்கொள்ளும். ஐஸ் தண்ணீரில் சில நிமிடம் கழித்து விரல் சூடாவது, இந்த வால்வுகள் கொஞ்ச நேரம் திறந்து மூடுவதால்தான்.

இதோடு முடியவில்லை. முழங்கைக்குக் கீழே தமனியும் சிரையும் பக்கத்துப் பக்கத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அதாவது கவுண்டர் ஃப்ளோ ஹீட் எக்ஸ்சேஞ்சர்! குளிர்ந்து திரும்பும் ரத்தம், இறங்கி வரும் சூடான ரத்தத்திடமிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு உடம்புக்குத் திரும்பிவிடுகிறது. உடம்புக்கு லாபம், விரலுக்கு நஷ்டம்.

விரல் தனக்குத்தானே வெப்பம் தயாரித்துக்கொள்ளவும் வழியில்லை. நாம் நினைப்பது போல விரலை மடக்கும் தசைகள் விரலில் இல்லை. பாதி உள்ளங்கையிலும் மீதி முன்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண் ஓடி விரலை இழுக்கிறது. சைக்கிள் பிரேக் ஒயர் போல. எனவே வெப்பம் உண்டாகும் இடம் ஒன்று, குளிர்கிற இடம் வேறு.

அப்புறம் வடிவம். விரலை 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பை 300 மில்லிமீட்டர் உருளை என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளையின் பக்கப் பரப்பை அதன் கன அளவால் வகுத்தால் வருவது, நான்கை விட்டத்தால் வகுத்த எண். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கன மில்லிமீட்டருக்கும் விரலுக்கு இருக்கும் வெளிப்பரப்பு உடம்பைப் போல ஏறக்குறைய 19 மடங்கு. பத்து விரலும் பத்து கூலிங் ஃபின்.

இப்போது இந்தக் கையோடு ஒரு மனிதன் மைனஸ் 30 டிகிரியில் நிற்கிறான். கனடாவின் வடகோடியில், உறைந்துபோன கடலின் மேல்.

பள்ளிப் பாடத்தில் நாம் எஸ்கிமோ என்று படித்தோமே, கனடாவிலும் கிரீன்லாந்திலும் உள்ள அந்த மக்கள் தங்களை இனுயிட் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களின் பழைய வேட்டை முறைகளில் மிகக் கடினமானது, சீல் என்னும் கடல் விலங்கை அதன் மூச்சுத் துளையில் பிடிப்பது. சீல் மீன் அல்ல. நம்மைப் போல் காற்றை சுவாசிக்க வேண்டும். கடல் உறையும்போதே பனிக்கட்டியில் அங்கங்கே துளைகளை வைத்து, முன் துடுப்பிலுள்ள நகங்களால் சுரண்டிச் சுரண்டி அவை மூடாமல் பார்த்துக்கொள்ளும். மேலே பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வேட்டை நாய் மோப்பம் பிடித்துக் காட்டும். வேட்டைக்காரன் துளையில் ஒரு மெல்லிய குச்சியையோ பறவை மென்சிறகையோ வைத்துவிட்டு, ஹார்ப்பூன் என்னும் கயிறு கட்டிய ஈட்டியோடு குனிந்து நிற்பான். சீல் மேலே வந்தால் தண்ணீர் எழும்பும், குச்சி ஆடும். அந்த நொடியில் குத்த வேண்டும்.

ஒரு சீலுக்குப் பல துளைகள். எந்தத் துளைக்கு எப்போது வரும் என்று அதற்குத்தான் தெரியும். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிரமம் என்னவென்றால், அசையக் கூடாது. பனிக்கட்டியின் மேல் காலை மாற்றி வைத்தால்கூட அந்தச் சத்தம் தண்ணீருக்குள் கேட்டுவிடும். நாமாக இருந்தால் குளிரில் என்ன செய்வோம்? குதிப்போம், கையைத் தேய்ப்போம், கைதட்டுவோம். அது எதுவுமே முடியாது. சும்மா இருக்கும் மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பம்தான் தருகிறது, ஒரு பழைய குண்டு பல்பு அளவு. பனியில் நடந்தால் அது மூன்று நான்கு மடங்காகும். நடக்கும்போது எஞ்சின் ஓடுகிறது, நிற்கும்போது ஐட்லிங். வேட்டையில் ஐட்லிங் நேரம்தான் அதிகம்.

இதற்கு அவர்கள் கண்ட வழி உடையில் இருக்கிறது. கேரிபு என்ற பனிமானின் தோலில் இரண்டு அடுக்குச் சட்டை. உள் சட்டையில் மயிர் உடம்பைப் பார்த்து இருக்கும், வெளிச் சட்டையில் வெளியே பார்த்து இருக்கும். கேரிபு மயிரின் உள்ளே காற்று அறைகள் உண்டு. அசையாத காற்றைப் போல மலிவான நல்ல இன்சுலேட்டர் கிடையாது. அதன் வெப்பக் கடத்துத் திறன் மீட்டர் கெல்வினுக்கு 0.024 வாட் அளவுதான். ஸ்வெட்டரோ ரஜாயோ எதுவானாலும் நாம் காசு கொடுத்து வாங்குவது உண்மையில் காற்றைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது சட்டையின் தையல். தோள்பட்டையும் கைப்பகுதியும் தொளதொளவென்று இருக்கும். காத்திருக்கும்போது கையைச் சட்டைக் கைக்குள்ளிருந்து உள்ளே இழுத்து, வெறும் கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். கையை சூடாக்க வேறு எந்தக் கருவியும் வேண்டாம். 37 டிகிரி பாய்லர் அங்கேயே இருக்கிறது. நம் நாட்டிலேயே காஷ்மீரத்தில் ஃபெரன் என்ற தொளதொள அங்கிக்குள் கையை இழுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கூடுதலாக, பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி வைத்து அதில் தணல் போட்ட காங்கிரி என்ற ஒன்றையும் உள்ளே வைத்துக்கொள்வார்கள். சுகமான சூடுதான். ஆனால் வருஷக்கணக்கில் வயிற்றிலும் தொடையிலும் சுட்டுச் சுட்டு அந்த இடத்தில் தோல் புற்றுநோயே வருவதுண்டு. பாய்லரை வெளியில் தேடினால் இப்படியும் ஆகும்.

இந்தச் சட்டைகளையும் கையுறைகளையும் வெட்டித் தைத்தவர்கள் பெண்கள். தையல் ஒரு இடத்தில் விட்டுப்போனால் வேட்டைக்காரனுக்கு விரல் போகும். வேட்டைக் கதைகளில் ஈட்டி எறிந்தவனைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

அடுத்தது கையுறை. விரல் விரலாகப் பிரிந்த கையுறை நல்லதா, நான்கு விரலும் ஒரே பைக்குள் போய்க் கட்டைவிரல் மட்டும் தனியாக இருக்கும் 'மிட்டன்' நல்லதா? குளிருக்கு மிட்டன்தான் என்று எல்லா வேட்டைக்காரர்களும் சொல்வார்கள். ஏன் என்பதை நாம் கணக்காகவே காட்டலாம்.

தட்டையான சுவரின் மேல் இன்சுலேஷனை 10 மில்லிமீட்டரிலிருந்து 20 மில்லிமீட்டராக ஆக்கினால் தடை சரியாக இரண்டு மடங்காகும். உருளையின் மேல் அப்படி ஆகாது. ஏனென்றால் தடிமன் கூடக்கூட வெளிப் பரப்பும் பெருத்துக்கொண்டே போய், வெப்பம் வெளியேற அதிக இடம் கிடைக்கிறது. 8 மில்லிமீட்டர் ஆரமுள்ள விரலுக்கு லாகரிதம் ஃபார்முலாவைப் போட்டால், 10 மில்லிமீட்டர் தடிமன் சுவரில் 6.5 மில்லிமீட்டர் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. தடிமனை 20 ஆக்கினாலும் 10 மில்லிமீட்டர் வேலைதான். விரலுக்கு ஒவ்வொன்றாக 20 மில்லிமீட்டர் பஞ்சு சுற்றினால் கை பலாப்பழம் மாதிரி ஆகிவிடும். துப்பாக்கியும் பிடிக்க முடியாது, மூக்கும் சொறிய முடியாது. மிகவும் மெல்லிய கம்பியாக இருந்தால் இன்சுலேஷன் போடப்போட வெப்ப இழப்பு கூடக்கூடச் செய்யும். 'கிரிட்டிக்கல் ரேடியஸ்' என்று படித்தோமே, அதுதான். விரல் அந்த எல்லையைத் தாண்டியிருப்பது நம் அதிர்ஷ்டம். மிட்டனில் நான்கு விரலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே தடித்த கட்டையாகிவிடுகின்றன. வெளிப்பரப்பும் குறைகிறது, ஒரு விரலின் சூடு அடுத்த விரலுக்கும் போகிறது.

ஆனால் மிட்டன் போட்டுக்கொண்டு விசையை இழுக்க முடியாது. துப்பாக்கி வந்த பிறகு வேட்டைக்காரன் கையின் பெரிய பிரச்சினை இதுதான். அதற்காகத்தான் சுட்டுவிரலுக்கு மட்டும் தனி உறை வைத்த மிட்டன்களும், உள்ளங்கைப் பக்கம் ஒரு பிளவு வைத்து வேண்டும்போது விரலை வெளியே நீட்டும் மிட்டன்களும் வந்தன. அனுபவசாலிகள் உள்ளே மெல்லிய விரல் கையுறை ஒன்று, அதன் மேல் பெரிய மிட்டன் ஒன்று என்று இரண்டு போடுகிறார்கள். சுடும் நேரத்தில் மேல் மிட்டனைக் கழற்றிவிடலாம். அது பனியில் விழுந்து தொலையாமல் இருக்கக் கழுத்தில் கயிறு. நம் பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கர்சீப்பை ஊக்கு குத்தி அனுப்புவது போல.

உள்ளே அந்த மெல்லிய கையுறை எதற்கு? இரும்புக்காக. ஒர்க்‌ஷாப்பில் காலை ஏழரை மணிக்கு வைஸைத் தொட்டால் சில்லென்றிருக்கும், பக்கத்தில் மர மேஜை அப்படி இருக்காது. இரண்டும் ஒரே வெப்பநிலைதான். எஃகின் கடத்துத் திறன் ஏறக்குறைய 50, மரம் 0.15 சுமார். கடத்துத் திறனில் இரும்பு மரத்தைவிட முந்நூறு மடங்குக்கும் மேல், அதனால்தான் நம் சூட்டை அவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது. மைனஸ் 30-இல் வெறும் விரலை துப்பாக்கிக் குழாயில் வைத்தால் விரலின் ஈரம் உறைந்து தோல் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தோலோடு வரும். பழைய இனுயிட் கருவிகளின் கைப்பிடிகள் எலும்பு, கொம்பு, மரம் என்று இருப்பது காட்டுமிராண்டித்தனம் என்று நினைத்தவர்கள் உண்டு. அது சரியான மெட்டீரியல் செலக்‌ஷன்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1928-இல் அமெரிக்காவின் அண்டார்க்டிக் பயணக் குழுவில் சாரணர் இயக்கத்திலிருந்து ஒரு பையனைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப் போனார்கள். பெயர் பால் சைபிள், வயது 19. நம்மைவிட ஒரு வயது மூத்தவன், அவ்வளவுதான். பின்னாளில் அதே சைபிள், பாசெல் என்பவரோடு சேர்ந்து அண்டார்க்டிகாவில் 1941-இல் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை ஊற்றி வெளியே தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்தார். காற்றுக் குளிர்ச்சிக் கணக்கு அங்கிருந்து பிறந்தது. கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் திருத்திய சூத்திரத்தின்படி, மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. இன்றைய இனுயிட் வேட்டைக்காரர்கள் பனிமோட்டாரில் போகிறார்கள். காற்றே இல்லாத நாளிலும் வண்டியின் வேகமே காற்று. அதனால் கைப்பிடியிலேயே ஹீட்டர் வைத்த வண்டிகள் வந்துவிட்டன.

ஈரம் இதைவிடப் பெரிய எதிரி. தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். நடக்கும்போது வியர்த்து நனைந்த கையுறை, நின்றதும் ஐஸ் உறை ஆகிவிடும். ஆகவே நடக்கும்போது கழற்றி வைத்துவிட்டு, நின்ற பிறகு காய்ந்ததைப் போடு என்பது அவர்கள் விதி.

கடையில் விற்கும் கைச்சூட்டுப் பைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 1923-இல் மடோபா என்பவர், பென்சின் ஆவியைப் பிளாட்டினத்தின் உதவியால் சுடர் இல்லாமல் எரிக்கும் சின்ன உலோகப் பெட்டியைக் கொண்டுவந்தார். 1978-இல் அதே ஜப்பானில் இரும்புத் தூள் பை வந்தது. இரும்புத் தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம். உறையைக் கிழித்ததும் காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்க ஆரம்பிக்கும். துருப்பிடிப்பதே மெதுவாக எரிவதுதானே, பல மணி நேரம் சூடு வரும். நம் ஒர்க்‌ஷாப் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் சாமான்களும் இந்த வேலையைத்தான் செய்கின்றன, என்ன, யாருக்கும் சூடு தெரிவதில்லை. சோடியம் அசிடேட் பை இன்னொரு வகை: 58 டிகிரியில் உருகும் உப்பு, குளிர்ந்த பிறகும் உறையாமல் திரவமாகவே இருக்கும், உள்ளே உள்ள தகட்டை ஒரு சொடுக்கு சொடுக்கினால் சட்டென்று கட்டியாகி வெப்பத்தை விடும். வெந்நீரில் போட்டால் மறுபடி தயார். எதையும் நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. மரத்த கைக்குச் சுடுவது தெரியாது.

உண்மையில் கைக்கு முன்னால் உடம்பைக் கவனிக்க வேண்டும். கனடாவில் 1990-களின் கடைசியில் செய்த சோதனைகளில், நெஞ்சுப் பகுதியை மட்டும் மின் உள்சட்டையால் சூடாக்கியபோது, உறைநிலைக்கு வெகு கீழான குளிரிலும் கையுறை இல்லாத விரல்கள் சூடாக இருந்தன. ஃபீடரை அணைத்தது தலைமை நிலையம். அங்கே நிலைமை சீரானால் ஊர்க்கோடிக்கும் மின்சாரம் வரும். பிராந்தி குடித்தால் குளிர் தெரியாது என்பார்கள். சாராயம் தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிடுவதால் சூடு போலத் தோன்றும், உள்ளேயிருக்கும் வெப்பமோ வெளியே ஓடும். பீடி, சிகரெட்டோ நேர் எதிர். நிக்கோடின் விரல் குழாய்களை இறுக்கி மூடும். விடுதியின் பின்பக்கச் சுவரோரம் கூடும் நண்பர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

உறைந்த விரலைப் பனியால் தேய்க்க வேண்டும் என்று நூறு வருஷத்துக்கும் மேல் டாக்டர்களே சொல்லிவந்தார்கள். நெப்போலியன் படையின் மருத்துவர் லாரே, 1812 ருஷ்யப் படையெடுப்பில் உறைந்த கை கால்களை நெருப்பில் காட்டிய வீரர்களுக்குச் சதை அழுகியதைப் பார்த்துவிட்டுச் சொன்ன யோசனை அது. அலாஸ்காவில் மில்ஸ் என்ற மருத்துவர் 1960 வாக்கில் தன் அனுபவத்தை வெளியிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. இப்போதைய முறை, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர். தேய்க்கவே கூடாது, நெருப்பிலும் காட்டக் கூடாது, மறுபடி உறையும் அபாயம் இருந்தால் உருக்கவும் கூடாது.

இனி, ஏன் இந்தத் தலைப்பு என்பதற்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலை செய்கிறாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஐஸ் போட்ட டப்பில் கையை விட்டு அள்ளி, தலையைக் கிள்ளி, தோலை உரித்து மறுபடி ஐஸில் போட வேண்டும். நான் ஒரு நாள் லேபிலிருந்து தெர்மாமீட்டர் கேட்டு வாங்கிப் போய் வைத்துப் பார்த்தேன்: 2 டிகிரி. எங்கள் ஊரில் குளிர் இல்லை என்று சிரித்தவர்களுக்காகச் சொல்கிறேன், இந்த ஊரில் குளிர் எல்லா நாளும் உண்டு, டப்புக்குள்ளே.

சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வரும்போது விரலில் ரத்தம் காய்ந்து இருக்கும். இறால் தலை முள் குத்தியது. "எப்பம்மா குத்துச்சு?" என்றால், "தெரியலயேப்பா" என்பாள். நான் அதை அம்மாவின் கவனக்குறைவு என்றே நினைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தில் படித்த பிறகுதான் புரிந்தது. விரல் தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலைத் திறன் குறைகிறது. 8 டிகிரி வாக்கில் தொடு உணர்ச்சியே போய்விடுகிறது. கொக்கி மாட்ட முடியாத வேட்டைக்காரனுக்கும், முள் குத்தியது தெரியாத என் அம்மாவுக்கும் காரணம் ஒன்றே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரண்டு சொம்பில் ஐஸ் தண்ணீர் வைத்தோம். ஆளுக்கு ஒரு சுட்டுவிரல். கையில் ஸ்டாப் வாட்ச். இரண்டாவது நிமிடம் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது நிமிடம் விரல் நுனியில் ஊசி குத்துவது போல் குறுகுறுத்து, பிறகு மெல்லச் சூடு பரவியது. அம்மா ஐந்தாவது நிமிடமே, "ஏய்யா, சூடு வந்துட்டு" என்று சொல்லிவிட்டு, விரலை எடுக்காமலே அடுத்த வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். (யாராவது செய்து பார்ப்பதானால், குளிரில் விரல் வெள்ளை வெளேரென்று வெளுக்கிற உடம்புக்காரர்கள் செய்ய வேண்டாம்.)

இரண்டு பேரை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரிய அளவிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பிரவுன், பேஜ் என்ற இருவர் 1952-இல் கனடாவின் சவுத்தாம்ப்டன் தீவு இனுயிட் மக்களையும் குவீன்ஸ் பல்கலைக்கழக மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். இனுயிட் கைகளில் ரத்த ஓட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கனடாவின் காஸ்பே கடற்கரை மீனவர்களிடமும் 1960 வாக்கில் இதைப் போலவே கண்டார்கள். 1962-இல் இங்கிலாந்தில் மீன் வெட்டும் தொழிலாளர்களைச் சோதித்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் விரல்களில் அந்த ஹன்டிங் சீக்கிரமே ஆரம்பித்தது. என் அம்மாவும் அவர்களும் ஒரே தொழில். வேட்டைக்காரனுக்கு இருக்கும் கை, கண்டம் தாண்டி ஒரு இறால் கம்பெனியிலும் இருக்கிறது.

அதற்காகச் சும்மா விட்டுவிட முடியுமா? பழகிய கைக்கும் முள் குத்தத்தான் செய்கிறது. வேட்டைக்காரர்களின் இரட்டைக் கையுறையை நினைத்துக்கொண்டு, நான் மெல்லிய பருத்திக் கையுறை ஒரு ஜோடியும் அதற்கு மேல் போட ஒரு அளவு பெரிய ரப்பர் கையுறையும் வாங்கிக் கொடுத்தேன். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டமும் குறையும், உள்ளே காற்றும் நிற்காது. அதனால்தான் ஒரு அளவு பெரிது. பருத்தி நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு ஜோடி. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் அலமாரியில் இருந்தது. "கை சூடாத்தான் இருக்குய்யா. ஆனா கிலோ எறங்குதுல்லா. நாப்பது கிள்ளுற நேரத்துல முப்பதுதான் கிள்ள முடியுது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கணக்குப் போடும்போது விரலின் ஆரத்தையும் பஞ்சின் தடிமனையும் எடுத்துக்கொண்டேன், கிலோவுக்கு உள்ள கூலியை எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் லீவுக்குப் போனபோது அந்தக் கையுறை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். வலது கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நுனியில் ஒரு அங்குலம் கத்தரித்து, ஓரத்தை மடித்துத் தைத்திருந்தாள். உள் பருத்தியிலும் அதே போல். கிள்ளுகிற இரண்டு நுனியும் வெளியே, மீதி எல்லாம் உள்ளே. பக்கத்தில் உட்காரும் ரெண்டு அக்காமாருக்கும் அதே மாதிரி வெட்டிக் கொடுத்திருக்கிறாளாம். "இப்ப எத்தனை கிலோம்மா?" என்று கேட்டேன். "முப்பத்தெட்டு" என்றாள்.